ஒரு தடவை சொன்ன சொல்

வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டிய ரவுண்டானாவில் ஹுஸ்னா காரை நேரே விட்டாள்.

பக்கத்து சீட்டில் இருந்த ரெஜியா, ஏறியதிலிருந்து சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் துஆ ஓதிக்கொண்டு வந்தாள். ஹுஸ்னா ஓட்டும் காரில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. கார் மேட்டில் ஏறுவது தெரிந்து கண்ணைத் திறந்தாள்.

"எங்க போற? வீடு அந்தப் பக்கம்ல இருக்கு."

"பள்ளிவாசலுக்கு, பாபி."

"அங்க நமக்கென்ன வேல? வீடு நெறைய பொம்பளைங்க வந்து உக்காந்திருப்பாங்க. உம் மக நாஜ்மின் ஒத்தையில என்ன பண்ணுவா?"

முன்னால் போகும் கறுப்பு வேனைத் தவறவிட்டுவிடக்கூடாது என்பதில்தான் ஹுஸ்னாவின் கண் இருந்தது. அந்த வேனுக்குள் அவள் கணவர் சுருக் மியா கிடந்தார். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. இன்றைக்குக் காலையில் காகிதமெல்லாம் சரியாகி உடலைக் கொடுத்துவிட்டார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்கு முன்னால் பள்ளிவாசலின் பின்கட்டில் வைத்துக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவார்கள். வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் சுருக் மியாவின் அண்ணன் மொய்னுல் மியா உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவிதான் இங்கே துஆ ஓதிக்கொண்டிருப்பவள்.

ஆஸ்பத்திரி வாசலில் மொய்னுல் மியா தன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினார்: நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள், குளிப்பாட்டி முகம் பார்க்கக் கொண்டுவருகிறோம். ஹுஸ்னாவும் தலையை ஆட்டினாள். சாவியைத் திருப்பும்போதும் வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தாள். ரவுண்டானா வந்ததும் கை தானாக நேரே பிடித்துக்கொண்டது.

மழை தூறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஓல்டாமில் பிப்ரவரியில் வேறென்ன பெய்யும்? வைப்பர் ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் ஹுஸ்னாவுக்கு ஒரே நினைப்புதான். பள்ளிவாசலில் கேட்பார்கள். யாராவது கேட்பார்கள். நீ இவருக்கு யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

இருபத்து நாலு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா என்று அவளுக்கே தோன்றியது.

எல்லாம் இந்தக் காரில் ஆரம்பித்தது. சுருக் மியா நாற்பது மைல் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையற்காரர். வாலிபத்தில் கார் ஓட்டும் பரீட்சைக்கு ஐந்து தடவை போய் ஐந்து தடவையும் தோற்று, இனி இந்த நாட்டு ரோடும் வேண்டாம் காரும் வேண்டாம் என்று விட்டுவிட்டவர். கடை வேனில்தான் போவார், கடை வேனில்தான் வருவார். வீட்டுக்கு அரிசி மூட்டை வாங்க வேண்டுமென்றாலும், நாஜ்மினைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமென்றாலும், அண்ணன் வண்டி எடுத்தால்தான் உண்டு. மகள் வேலைக்குப் போன பிறகு, நாற்பத்தேழு வயதில் ஹுஸ்னா ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு பெண் டிரைவரிடம் ஓட்டப் படித்தாள். முதல் தடவையிலேயே பாஸானாள். மகள் கொஞ்சம் போட, இவள் கொஞ்சம் போட, ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவைத்தாள். நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தாள்.

நல்ல நாள் வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. கடையில் கூட்டம் நெரிகிற நேரம். புதிதாகச் சேர்ந்த சர்வர் பையன், 'உங்க வீட்டம்மா நேத்து எனக்கே வழி விட்டாங்க பாய், என்னமா ஓட்டுறாங்க' என்று அடுப்படியில் சொல்ல, அடுப்படியே சிரித்தது. சுருக் மியா ஃபோனை எடுத்துக்கொண்டு கடையின் பின்முற்றத்துக்குப் போய் ஹுஸ்னாவைக் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையே, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டார். ஹுஸ்னா அப்போதே சமாதானமாகப் பேசியிருக்கலாம். அவளுக்கும் நாக்கு இருக்கிறதே.

"அஞ்சு தடவ போயி அஞ்சு தடவையும் ஊத்திக்கிட்டு வந்தவர்கிட்ட நான் என்னத்தக் கேக்கச் சொல்றீங்க?" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அந்த வார்த்தை வந்தது. தலாக். ஒரே ஒரு தடவை. சொன்னவரும் அதோடு நின்றுவிட்டார், கேட்டவளும் நின்றுவிட்டாள். ஃபோனை யார் முதலில் வைத்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் அள்ளலாம். புதன்கிழமைதோறும் பள்ளிவாசலில் பெண்களுக்கு நடக்கும் வகுப்பில் ஹுஸ்னா அதைக் கேட்டிருந்தாள். ஒரு தடவை சொன்ன தலாக்கில் நிக்காஹ் உடனே அறுந்துவிடாது. மனைவி அதே வீட்டில் இத்தா என்னும் காத்திருப்பில் இருப்பாள். மூன்று மாதவிலக்கு வந்து போவதற்குள் கணவன் மனம் மாறித் திருப்பி எடுத்துக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எடுக்காமல் விட்டால், மூன்றாவது முடிகிற நாளில் இருவரும் அந்நியர். எடுக்க வேண்டியது அவர். காத்திருக்க வேண்டியது அவள். எனவே காத்திருந்தாள்.

அவர் எடுக்கவில்லை. மறுநாளே தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அவள் சமையலறைக்குள் வந்தால் அவர் வெளியே போனார். எதிரே வந்தால் கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். தெருவில் அடுத்தவன் மனைவி எதிர்ப்பட்டால் ஒரு மரியாதையான மனிதர் எப்படி ஒதுங்குவாரோ அப்படி. அதே சமயம் கடையிலிருந்து வரும்போது சாத்கோரா எலுமிச்சை போட்ட மாட்டுக் கறி ஒரு டப்பாவில் சமையலறை மேசைக்கு வந்துவிடும். அது அவளுக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்காதது. பனி கொட்டும் நாட்களில் அவள் காலையில் காரை எடுக்கப் போனால் முன்கண்ணாடியின்மேல் பழைய படுக்கை விரிப்பு ஒன்று போர்த்தியிருக்கும். விரிப்பை எடுத்தால் கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி இருக்காது. இவ்வளவு செய்கிற மனிதர் ஏன் நிமிர்ந்து பார்க்கமாட்டேன் என்கிறார்? கறிக்கும் விரிப்புக்கும் ஒரு அர்த்தம், தரையைப் பார்க்கும் கண்ணுக்கு வேறொரு அர்த்தம் என்று இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்துப் பார்த்தே அவள் இளைத்துப்போனாள். கேட்டுவிடலாம்தான். கேட்டு, 'ஆமாம், வேண்டாம்' என்று அவர் சொல்லிவிட்டால்?

அவள் வயதுப் பெண்களெல்லாம் மாதவிலக்கு ஒரேயடியாக நின்று தொலைந்தால் போதும் என்று பேசிக்கொள்வார்கள். ஹுஸ்னா ஒவ்வொரு முறை குளியலறைக்குள் போகும்போதும் பயந்துகொண்டு போனாள். முதலாவது வந்தது. வெகுநாள் கழித்து இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை. இடுப்பு லேசாக வலித்தாலும், உடம்பே, இன்னும் கொஞ்சம் பொறு என்று வேண்டிக்கொள்வாள். இப்படி ஒரு வேண்டுதலை எந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட.

அப்படி இருக்கும்போதுதான் அவர் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் நினைவு தெளிந்து கண்ணைத் திறந்தபோது அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். படுக்கையில் கிடந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஊசி குத்தியிருந்த கையை இழுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தக் கை கம்பளிக்குள் போனதை ஹுஸ்னா நேற்றிலிருந்து ஆயிரம் தடவை பார்த்துவிட்டாள். மூன்றாவது வரவில்லை, அதனால் சட்டப்படி அவள் மனைவிதான். மனைவி கணவனைக் குளிப்பாட்டலாம் என்பதும் புதன்கிழமை வகுப்பில் கேட்டதுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது தன் கையை இழுத்துக்கொண்டவரை, இழுக்க முடியாமல் கிடக்கும்போது போய்த் தொடுவது எந்தக் கணக்கில் சேரும்? அது உரிமையா, திருட்டா? தெரியவில்லை. தொடாமல் அனுப்ப முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

வேன் பள்ளிவாசலின் பின்முற்றத்துக்குள் போய் நின்றது. ஹுஸ்னா அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோன ஆட்கள் திரும்பி வந்து, இரண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். மொய்னுல் மியா மட்டும் குளிப்பாட்டும் அறையின் வாசலில் நின்றார். பெரிய உடம்பு; வாசலில் முக்கால்வாசி அடைபட்டுப்போயிற்று.

அவர் ஹுஸ்னாவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். கணவனின் மூத்த சகோதரன் தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவது அவர்கள் சனத்தில் வழக்கமில்லை. பக்கத்து வீட்டிலேயே இத்தனை வருடம் குடியிருந்தும், ஹுஸ்னா அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் ரெஜியா வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோதான் போகும், வரும்.

"இவள எதுக்கு இங்க கூட்டியாந்த? வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

"நானா கூட்டியாந்தேன்? அவதான் என்னக் கொண்டாந்து எறக்கிட்டா" என்றாள் ரெஜியா.

"பாபி, அவரக் குளிப்பாட்டணும், நான் உள்ள போகணும்னு சொல்லுங்க" என்றாள் ஹுஸ்னா.

இரண்டு முழ தூரத்தில் நிற்கும் மனிதரிடம் ரெஜியா அதை ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொன்னாள்.

மொய்னுல் மியாவின் முகம் இறுகியது. செத்துப்போனதோடு நிக்காஹ் அறுந்துபோயிற்று, இனி அவன் யாரோ இவள் யாரோ, பெண்கள் முகம் பார்ப்பதோடு சரி, இது ஆண்கள் வேலை என்று சொல்லச் சொன்னார். சொன்ன குரலில் கோபத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது. ரெஜியா அதையும் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தபோது, உள்ளேயிருந்து இமாம் வந்துவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சின்ன வயதுக்காரர். சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"பொஞ்சாதி புருஷனக் குளிப்பாட்டலாம் சாச்சா" என்றார். "அதுல யாருக்கும் மாத்துக் கருத்தே கெடையாது. சாச்சிக்கு மனசுல தெம்பு இருந்தா வரட்டும். நான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்."

மொய்னுல் மியா வாசலைவிட்டு நகரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மழையில் நின்றவருக்கு எங்கிருந்து வேர்க்கிறது?

"இமாம் சாப், இதுல வேற ஒரு விஷயம் இருக்கு. உள்ள வாங்க, தனியாச் சொல்றேன்."

ஹுஸ்னாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவருக்குத் தெரியும். அந்த வார்த்தை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அவள் சொல்லவில்லை. அப்படியானால் அவர் சொல்லியிருக்கிறார். என்னவென்று சொன்னார்? முடிந்துபோயிற்று, எனக்கு வேண்டாம் என்றா? அண்ணனிடம் சொல்லி முடிவு கட்டிவிட்டுத்தான் கையை இழுத்துக்கொண்டாரா? இரண்டு ஆண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால், அவள் யார் என்பதை அவர்கள் பேசி முடித்துவிட்டு வந்து சொல்வார்கள். ரெஜியா வழியாகச் சொல்வார்கள்.

"பாய்சாப், அங்கயே நில்லுங்க" என்றாள் ஹுஸ்னா. "நானே சொல்றேன்."

தம்பி மனைவியின் குரல் தன்னை நோக்கி வந்ததில் மொய்னுல் மியா ஒரு அடி பின்னால் வைத்தார். ரெஜியாவின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுபோயிற்று.

"நாஜ்மினோட அப்பா எனக்குத் தலாக் சொன்னாரு இமாம் சாப். ஒரே ஒரு தடவ. ஃபோன்ல, கோவத்துல."

"எப்ப?"

"குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

இமாமின் காது சிவந்தது. அடுத்துக் கேட்க வேண்டியதை அவர் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அதுக்கப்புறம்... சாச்சி, அந்தக் காலம் முடிஞ்சிருச்சா?"

ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும்கூட ஜாடையாகப் பேசிக்கொள்ளும் சங்கதி. அதை இந்த முற்றத்தில் மூத்தாரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. ஹுஸ்னா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு வந்துச்சு. மூணாவது இன்னும் வரல. எனக்கு வயசாச்சு, முன்ன மாதிரி மாசா மாசம் வர்றதில்ல. இன்னிக்குக் காலைல வரைக்கும் வரல."



"அப்ப இத்தா முடியல" என்றார் இமாம். "முடியாத வரைக்கும் நீங்க அவரு பொஞ்சாதிதான். நேத்து அவரு கண்ண மூடுன நேரத்துலயும் நீங்கதான் பொஞ்சாதி. இனி விதவையா இத்தா உக்கார்றதும் நீங்கதான். உள்ள வாங்க."

"அதெப்படி?" என்றார் மொய்னுல் மியா. அவர் குரல் திடீரென்று மெலிந்துவிட்டது. "தலாக்னா தலாக்தான? வாய விட்டு வந்துட்டா அவ ஹராம்தான? நடுவுல இன்னொருத்தன் கட்டி, அவனும் தலாக் சொன்னாத்தான் திரும்பச் சேர முடியும்னு ஊர்ல..."

"அது மூணு தடவ சொன்னவங்களுக்கு சாச்சா. ஒரு தடவைக்கு எதுக்கு அதெல்லாம்? 'திருப்பி எடுத்துக்கிட்டேன்'னு வாயால சொன்னாப் போதும். அது கூட வேணாம், ஆசையாக் கையப் பிடிச்சாலே போதும்."

"கையப் பிடிச்சாலே போதுமா?"

"போதும்."

சுவரோரத்தில் செருப்புக் கழற்ற உட்காரும் மர பெஞ்சு ஒன்று கிடந்தது. மொய்னுல் மியா அதில் போய் உட்கார்ந்தார். தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார். பிறகு யாரைப் பார்த்தும் சொல்லாமல், பொதுவாகச் சொன்னார்.

"அவன் அதத்தான் கேட்டான். 'அண்ணே, கோவத்துல வாய்தவறிச் சொல்லிட்டேன், இனி அவ கையத் தொடலாமா, தொட்டா ஹராமா, இமாம்கிட்ட கேட்டுச் சொல்லு. எனக்கு அவரு மொகத்துல முழிச்சிக் கேக்க வெக்கமா இருக்கு'ன்னான். அழுதான். சின்னப் புள்ளையில அழுததுக்கப்புறம் நான் அவன் அழுது பாத்ததே இல்ல."

"எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே சாச்சா" என்றார் இமாம்.

"ரெண்டு தடவ வந்தேன். ஒரு தடவ ஆளுங்க இருந்தாங்க. வெள்ளிக்கெழம கார் நிறுத்துறதப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்டேன். இன்னொரு தடவ நீங்க தனியாத்தான் இருந்தீங்க. வாய் வரல. எங்க வீட்டுச் சங்கதி ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு, நோன்புல சக்கர ஊசி போடலாமான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். அவன்கிட்ட, 'நான் கேட்டுச் சொல்ற வரைக்கும் எட்டியே இரு, பாவத்துல விழுந்துராத'ன்னேன்." மொய்னுல் மியா தாடியைத் தடவினார். "எட்டியே இருந்தான்."

ஹுஸ்னாவுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபமும் அல்ல. வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வேண்டாமென்று இழுக்கவில்லை. தொட்டால் தன்னோடு சேர்த்து அவளும் பாவத்தில் விழுவாள் என்று இழுத்திருக்கிறார். தரையைப் பார்த்து ஒதுங்கியதெல்லாம் அதுதான். கணவர் பிணமாக உள்ளே கிடக்கிறார், இவளுக்கு முகம் மலர்கிறது. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று முக்காட்டை வாய்வரை இழுத்தாள்.

அதன் பின்னால்தான் மற்றது வந்தது, அடித்துக்கொண்டு வந்தது. அவருக்குச் சட்டம் தெரியாது, அதனால் தொடவில்லை. சட்டம் தெரிந்தவள் அவள். 'கையைப் பிடித்தால் போதும்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கறி டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பும்போது சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சொல்லியிருக்கலாம். அவராகக் கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். மொய்னுல் மியாவின்மேல் பாய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் மட்டுமா வாய் திறக்காதவர்?

ரெஜியா கணவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ரெண்டு தடவ போயி கார் நிறுத்தவும் ஊசி போடவும் கேட்டுட்டு வந்தீங்களாக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஹுஸ்னாவின் கைப்பையையும் கோட்டையும் வாங்கிக்கொண்டு, வீட்டில் பெண்கள் காத்திருக்கிறார்கள் என்ற பேச்சை எடுக்காமல், அதே பெஞ்சின் மறு முனையில் தூறலில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே வெளிச்சம் அதிகமாக இருந்தது. வெள்ளை ஓடு பதித்த சுவர், நடுவில் சரிவாக ஒரு எஃகு மேடை, அதன் தலைமாட்டில் குழாய். சுருக் மியாவை மேடையில் கிடத்தி, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கனமான துணி போட்டிருந்தார்கள். துணிக்கு அடியில் செய்ய வேண்டிய சுத்தத்தையெல்லாம் இமாம் கையுறை போட்டுக்கொண்டு தானே செய்தார். அதுவரை ஹுஸ்னாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள்.

திரும்பியபோது மொய்னுல் மியா வந்து தம்பியின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இலந்தை இலை ஊறிய வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரே அவளிடம் பேசினார்.

"சூடு சரியா இருக்கா பாரும்மா. அவனுக்கு ரொம்பச் சூடு ஆகாது."

ஹுஸ்னா கையை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலக்கினாள். "இப்ப சரி, பாய்சாப்" என்றாள்.

இமாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் தொழுகைக்கு ஒளுச் செய்கிற மாதிரி முகமும் கையும். பிறகு தலையும் தாடியும். அதன் பிறகு வலப்பக்கம் தோளிலிருந்து பாதம்வரை. அவள் ஜாடியில் மொண்டு ஊற்ற, மொய்னுல் மியா உடலைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தார். தலையின் நரை இவ்வளவு ஆகிவிட்டதை ஹுஸ்னா இப்போதுதான் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்க்காமல் விட்டிருக்கிறாள். கழுத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டிய பிளாஸ்திரியின் பசை காய்ந்து கிடந்தது. அதை நகத்தால் சுரண்டாமல், வெந்நீரை விட்டு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அவசரப்படுத்தியவர் யாருமில்லை.

வலது முன்கையில் தந்தூரி அடுப்பு சுட்ட தழும்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது, இருபத்து நாலு வருடமாகப் போனதில்லை. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்து கனத்துக் கிடந்தது. வலது கையால் ஜாடியைச் சாய்த்து ஒரு தடவை ஊற்றினாள். விரல்களுக்கு நடுவில் தன் விரலைக் கோத்துத் தேய்த்தாள்.

இரண்டாவது தடவை ஊற்றினாள்.

"மூணு தடவ ஊத்தினாப் போதும் சாச்சி" என்றார் இமாம். "அப்புறம் இடது பக்கம் போகலாம்."

மூன்றாவது தடவையும் ஊற்றினாள். மொய்னுல் மியா மறுபக்கம் சரிக்கத் தோளைப் பிடித்துத் தயாரானார். ஹுஸ்னா அந்தக் கையை விடவில்லை. மறுபடி வாளியில் மொண்டு நாலாவது தடவை ஊற்றினாள். விரல்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வடிந்து மேடைச் சரிவில் ஓடிற்று.

மொய்னுல் மியா இமாமைப் பார்த்தார். இமாம் கபன் துணி அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மடித்த துணியை எடுத்து உதறி மறுபடி மடித்தார்.

"ஒத்தப்படையில முடிக்கணும் சாச்சி" என்றார், திரும்பாமலே. "அஞ்சாக்கிடுங்க."

ஹுஸ்னா ஜாடியை வாளிக்குள் முக்கினாள்.